ஜைனபக்கா வீட்டுச் சுவர்

ஜைனபக்கா மேல் எனக்குப் பன்னிரண்டு வருசமாக ஒரு கோபம் இருந்தது. அவர் வாங்கின பழைய வீட்டைத் தரையிலிருந்து சுவர் வரைக்கும் புதுப்பித்துக் கொடுத்தவன் நான். ஏற்காடு கடைவீதியில் யாராவது அந்த வேலையைச் செய்தது யார் என்று கேட்டால், யாரோ ஒரு ஆள், பேர் மறந்துவிட்டது என்பாராம். மூன்று பேர் என்னிடம் வந்து இதைச் சொன்னார்கள். கொத்தனாருக்கு ஒரு வீடு முடிந்தால், அந்த வீட்டுக்காரர் நாலு பேரிடம் சொல்வதை வைத்துத்தான் அடுத்த வேலை. தலைச்சோலைப் பொன்னுவேல் என்று என் பேரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

அவர் தம்பி முகமது இஸ்மாயில் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தார். கணவர் இறந்தபின் ஜைனபக்கா சேலத்திலிருந்து தம்பியிடம் வந்து சேர்ந்தார். கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டைக்கும் மண்ணெண்ணெய் பீப்பாய்க்கும் நடுவே ஒரு கட்டில், ஒரு தையல் மிஷின். ஆஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுப்பார். தம்பியும் தம்பி பெண்சாதி ஷஹீதாவும் குறை வைக்கவில்லை. ஆனால் நானே திறந்து நானே சாத்துகிற கதவு ஒன்று வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதினாலு வருசம் தைத்த காசில் 1980ஆம் வருசம் அந்தக் கதவை வாங்கினார்.

வெள்ளைக்காரன் காலத்தில் காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கிய கட்டிடம் அது. பின்னால் யாரோ அதை ஆறு வீடாகத் தடுத்து ஒவ்வொன்றாகக் கிரயம் செய்தார்கள். மாடியில் ஓரத்து வீடு இவருக்கு. ஒரு அறை, ஒரு சமையல் மூலை. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, சுண்ணாம்பு பூசின சுவர். பூச்சு அங்கங்கே உதிர்ந்திருந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, பழசெல்லாம் சுண்ணாம்புல இருக்குது. அதையே பூசினா ஆகாதுங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சுண்ணாம்பு வேலை தெரியாது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுப் புளிக்கவைத்து அரைத்துப் பூசவேண்டும் என்று கேள்விப்பட்டதோடு சரி. நான் கரண்டி பிடித்ததே சிமெண்ட்டில்தான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"சுண்ணாம்பெல்லாம் மாட்டுக் கொட்டாய்க்குங்கக்கா. நீங்க குடியிருக்கப் போற ஊடு இது" என்றேன். சித்தாள்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார்.

அந்தக் காலத்தில் பர்மிட் இருந்தால்தான் சிமெண்ட். அதற்காக மூன்று தடவை பஸ் ஏறி மலையிறங்கிப் போய் வரிசையில் நின்றார். உள்ளேயும் வெளியேயும் கண்ணாடி மாதிரி வழித்துப் பூசிக் கொடுத்தேன். குடிபுகுந்த அன்று பாத்திஹா ஓதி, எனக்கும் சித்தாள்களுக்கும் நெய்ச்சோறு போட்டார்.

ஐப்பசி மழை வந்தது. சுவர் வேர்த்தது. மூலைக்கு மூலை கறுப்பாகப் பூஞ்சை பிடித்து, தைத்து வைத்த வெள்ளைச் சட்டையெல்லாம் புள்ளி விழுந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுச் சட்டையை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். சுவரைத் தொட்டேன். கை நனைந்தது. ஏன் என்று சத்தியமாக எனக்குப் புரியவில்லை. பயம்தான் வந்தது.

"நீங்க உள்ளயே இட்லி அவிக்கறீங்க, சோறு வடிக்கறீங்க, துணியத் தேய்க்கறீங்க. அத்தனை ஆவியும் செவுத்துலதானுங்க போய் உக்காரும். எம் பூச்சுல குத்தமில்லீங்க" என்றேன்.

அப்படியா என்று கேட்டுக்கொண்டார். மறுநாளே அடுப்பைத் தூக்கி வெளியே மாடிப்படி முனையில் வைத்தார். மார்கழிப் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அங்கே குந்திச் சமைப்பார். நான் அந்த வழியாகப் போகும்போது பார்ப்பேன். சொன்னால் கேட்கிற மனுசி என்று நினைத்துக்கொண்டு போவேன். அடுத்த மழைக்கு மிஷின் மறுபடி வெங்காய மூட்டைக்கு நடுவே போய்விட்டது. பகலெல்லாம் தம்பி கடையில் தைப்பார். சொந்த வீட்டுக்குப் படுக்க மட்டும் வருவார். படுத்தே இளைப்பு நோயை வாங்கிக்கொண்டார்.

1992இல் மாரமங்கலம் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் வேலை. பழைய சுவரில் இருக்கிற சிமெண்ட்டை முழுசும் கொத்தி எடுக்கச் சொன்னார் இஞ்சினியர். கொத்தினேன். உள்ளே மண், மழையில் நனைந்த வெல்லம் மாதிரி கசிந்து வந்தது. மண் சுவர் குடிக்கிற தண்ணீரைச் சுண்ணாம்பு வெளியே விடும், சிமெண்ட் விடாது, உள்ளேயே வைத்து ஊறவைக்கும் என்று விளக்கிவிட்டு, இதைப் பூசின மடையன் எவன் என்று கேட்டார். அந்தப் பங்களாவில் பூசினவன் நான் இல்லை. ஆனாலும் சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரச் சம்பளத்தோடு இஸ்மாயில் கடைக்குப் போனேன். ஷஹீதா எனக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்குமா அலையறாங்க. அந்தச் செவுத்தப் பாக்கறவங்க எல்லாம் எந்தக் கொத்தன் வேலைன்னு கேக்கறாங்க. உங்க பேரச் சொன்னா ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க, புள்ளகுட்டிக்காரன்னு அக்கா எங்க வாயையும் அடைச்சு வெச்சிருக்கறாங்க" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

பொட்டலத்தை வாங்க மறந்து இறங்கி வந்தேன்.

அப்புறமும் நாலு நாள் அக்கா வீட்டுக்குப் போகவில்லை, தைரியம் இல்லை. போனபோது கதவோரம் கட்டிலில் சாய்ந்திருந்தார். மூச்சு விசில் அடித்தது. நின்றுகொண்டே, செவுரு கெட்டது உங்க அடுப்பால இல்லீங்கக்கா என்றேன்.

"தெரியுமுங்க. அடுப்ப வெளிய வெச்சும் செவுரு காயலியே. ரெண்டாம் மழையிலயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏனுங்க என்னையக் கூப்பிட்டுக் கேக்கல?"

"கேட்டா வேற ஒண்ணு சொல்லுவீங்க. அதையும் நான் நம்போணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலாகப் போனது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிடுகிறேன், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைக் கூட்டிவந்து அவருக்குக் கீழே சித்தாளாக நிற்கிறேன் என்றேன். இந்த மூச்சோடு அந்தத் தூசி தாங்க மாட்டேன், இருக்கிற மட்டும் இது இப்படியே இருக்கட்டும் என்று மறுத்துவிட்டார். அந்த மாதமே சேலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அன்றைக்குப் பார்த்ததுதான் கடைசி.

அன்று நான் படியிறங்கும்போது திரும்பக் கூப்பிட்டார். கீழ்வீட்டைப் புதுசாக வாங்கியிருக்கிற இன்பமேரியைத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

"சிமெண்ட் மூட்டை எறக்கி வெச்சிருக்கறா. நாளைக்கு ஆளு வருதாம். ஊட்டுல மூணு மாசக் கொழந்தை. நான் சொன்னா, இந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும்னு கேப்பா. நீங்களே அவளை மேல கூட்டியாந்து, செவுத்துல கைய வெக்கச் சொல்லி, இதப் பூசினது நாந்தான்னு சொல்லுங்க."