காட்டுச் சூரியகாந்தியை எரித்த நாள்

தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்த ஆடிக் கலவரத்தில், கண்டிக்கு அடுத்த குண்டசாலையில் இருந்த எங்கள் வீட்டின் சமைக்கிற குசினியும் பின்னறையும் எரிந்துபோயின. கம்பளையில் தங்கை வீட்டில் சில மாதங்கள் ஒண்டியிருந்துவிட்டுத் திரும்பி வந்தால், வீட்டைச் சுற்றி வளவு முழுக்கக் காட்டுச் சூரியகாந்தி ஆளுயரத்துக்கு நின்றது. அதில் மஞ்சள் பூ வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டை விற்றுவிட்டு யாழ்ப்பாணம் போய்விட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். திருத்திக்கொண்டு இங்கேயே இருப்போம் என்றார் என் கணவர். விற்பதென்றாலும் அந்தக் காட்டுக்குள் எவன் வந்து வீடு பார்ப்பான்? அதனால் களை பிடுங்குவதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை.

அவர் கந்தோர் உத்தியோகத்தில் கெட்டிக்காரர், தோட்டத்தில் மகா மோசம். தண்டுகளை வெட்டி வெட்டி வேலியோரம் எறிந்தார். அடுத்த மழைக்கு ஒவ்வொரு துண்டும் வேர்விட்டுத் தளிர்த்தது.

"களை பிடுங்கச் சொன்னா, நட்டு வச்சிருக்கிறியள்" என்றேன்.

"ஓமப்பா, சிரியும் சிரியும்" என்றார். உண்மையாகவே சிரித்துவிட்டேன். கலவரத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

பிறகு இரும்பு அலவாங்கால் நெம்பி வேரோடு கிளப்பி, எரிந்த கூரையின் தகரங்களில் காயப்போட்டோம்.

வேலிக்கு அப்பால் ஒரு சிங்கள அக்கா இருந்தார். என்னைத் தங்கையென்ற உரிமையில் "நங்கி" என்பார். அவர் வீட்டில் பலாக்காய் வெட்டினால் பாதி எங்களுக்கு வரும். ஆனால் நாங்கள் திரும்பி வந்த நாளிலிருந்து அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கிணற்றடிக்குப் போனால் உள்ளே போய்விடுவார். எங்களை இனி வேண்டாமென்று நினைக்கிறார் என்று முடிவுகட்டினேன். வீடு எரிந்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் காய்ந்த செடிக் குவியலுக்கு நெருப்பு வைத்தோம். உள்ளே ஈரம் இருந்திருக்க வேண்டும். தடித்த புகை எழும்பி வீட்டையே மூடிவிட்டது.

வேலியைப் பிய்த்துக்கொண்டு அக்கா ஓடிவந்தார். காலில் செருப்பில்லை, கையில் வாளி. என்ன ஏதென்று பாராமல் வீசி ஊற்றினார். பாதித் தண்ணீர் என் கணவரின் தலையில்.

"குப்பைதான் அக்கா! நாங்கள்தான் எரிக்கிறம்!" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன்.

அக்கா குவியலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அப்படியே நிலத்தில் குந்தி, வாய்விட்டு அழுதார்.

"அன்னைக்கும் தண்ணி கொண்டு வந்தது, நங்கி" என்றார், தனக்கு வந்த தமிழில். "அவனுங்க உட இல்ல. தள்ளிப் போட்டானுங்க. என்ன மூஞ்சி வச்சு ஒங்ககிட்ட வாறது?"

நானும் பக்கத்தில் குந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த மனுசியைப் போய் அப்படி நினைத்தேனே. என் கணவர் தண்ணீர் சொட்டச் சொட்ட எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா பாக்கிறியள்?" என்றேன். "குசினியைத் திரும்பக் கட்டேக்க, வாசலை அக்கா வீட்டுப் பக்கம் வைப்பம்."