அந்துப்பூச்சிக்குத் தங்கம்

"அசையாதீங்க" என்று அதட்டிவிட்டு, முன்சீட்டுக்காரரின் காலரில் உட்கார்ந்திருந்த அந்துப்பூச்சியைத் தீப்பெட்டிக்குள் தள்ளி மூடுகிறார் கோகிலவாணி. மனிதர் பதறிக் கழுத்தைத் தடவிப் பார்ப்பதற்குள் தீப்பெட்டி கைப்பைக்குள் போய்விடுகிறது. வெண்ணந்தூர் பஸ்ஸில் இது வாடிக்கை. கண்டக்டரே, "ஏனுங்க மேடம், பின்சீட்டுல ஒண்ணு உக்காந்திருக்குதுங்க" என்று துப்புக் கொடுக்கிறார்.

கல்லூரி ஆய்வகத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை இயக்குவது அவர் வேலை. பகலெல்லாம் அடுத்தவர்களின் சிமென்ட்டையும் நூலையும் படமெடுத்துவிட்டு, கடைசியில் தன் பூச்சியை உள்ளே வைப்பார். அதன் கண்மேல் பொடிப்பொடி மேடுகள், மக்காச்சோளக் கதிர் மாதிரி வரிசை தப்பாமல். "அதனால வெளிச்சம் பட்டாலும் கண்ணு மின்னாதுங்க. மின்னுனா பல்லிக்குத் தெரிஞ்சு போயிருமுல்லங்க?" என்று, பல்லியை ஏமாற்றியதே தான்தான் என்பதுபோல் சிரிக்கிறார்.

படம் தெளிவாக விழ, மின்னவே கூடாத அந்தக் கண்ணுக்கு மெல்லிசாகத் தங்கம் பூச வேண்டும். இதைப் போய் வீட்டில் சொன்னார். மாமியார் ராமாத்தாளுக்கு வயிறு எரிந்தது. "பூச்சிக்குப் போயி தங்கமா? வேல முடிஞ்சதும் சொரண்டி எடுத்துக்கறதில்லையா சாமி?" அன்றிலிருந்து, மருமகள் எழுந்திருக்குமுன் வாசல் பல்புக்கு அடியில் விழுந்து கிடக்கும் பூச்சிகளையெல்லாம் கூட்டித் தள்ளிவிடுவார்.

கல்லூரிக் காலண்டரின் ஜனவரிப் பக்கத்தில் தன் படம் வர வேண்டும் என்பது கோகிலவாணியின் ஆசை. ஆசை என்ன, வெறி. எடுத்த படத்தையெல்லாம் பூச்சியின் சிறகுத் தூள் கண்மேல் படிந்து கெடுத்துவிட்டது. அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் அவர் வீட்டுக்குப் போன காலை, படம் கொடுக்கக் கடைசி நாள். தீப்பெட்டியைத் திறந்தார். பூச்சி சிறகடித்துத் தன் தூளிலேயே புரண்டு செத்திருந்தது. பூச்சியைவிட அவர் முகத்தைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

ராமாத்தாள் நகை டப்பாவோடு வந்தார். உள்ளே ரோஸ் காகிதத்தில் ஓர் அந்துப்பூச்சி, பக்கத்தில் கறுத்துப்போன கவரிங் தோடு.

"இன்னைக்கு நானு கூட்டல. பூச்சிக்குத் தங்கம் போடறப்ப இதையும் பக்கத்துல வெச்சிரு சாமி."

"காலேஜ் மெசினுங்கத்தே. தோடெல்லாம் வெக்கக் கூடாதுங்க."

ராமாத்தாள் டப்பாவை மூடப் போனார்.

"இருங்கத்தே." கோகிலவாணி லென்ஸை எடுத்துப் பூச்சியின் கண்ணைப் பார்த்தார். தூசு தும்பு இல்லை. எழுதிவிடாதீர்கள் என்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்தார். தோட்டோடு சேர்த்தே டப்பாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.