மரியாதை கெட்ட நெவில்

மால்கம் டன்ஸ்டனின் காலடியில் வாரத்தில் ஐந்து நாள் ஒரு பிரேக் இருக்கும். லிங்கன் நகரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் பிழைப்பு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் இவர் தன் பக்கத்து மிதியை அழுத்திக் காரை நிறுத்திவிடலாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அந்த மிதி இல்லாத வாழ்க்கை. பழைய போர் விமானத் தளத்தில் போட்ட ஹாக்ஸ்பி பந்தயத் தடத்துக்குச் சொந்தக் காரை எடுத்து வந்து ஆசைதீர ஓட்டிப் பார்க்கும் பல் மருத்துவர்களும் கூரை வேய்பவர்களும் உண்டே, அவர்கள் பக்கத்தில் தலைக்கவசத்தோடு உட்கார்ந்து, நூற்றிருபது மைல் வேகத்தில் போகும் காரை வாயாலேயே பிடித்து நிறுத்த வேண்டும். முப்பது வருடப் பழக்கத்தில் அவருடைய இடது கால் மட்டும் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. யாருடைய காரில் ஏறினாலும் அது வெறும் தரையில் மிதியைத் தேடும்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. காலை எட்டரைக்கு, தடத்தின் பொறுப்பாளர் ஃபிலிப்பா எல்லோரையும் தகரக் கொட்டகையில் நிறுத்திவைத்து விதிகளைச் சொன்னாள்.

"இது பந்தயம் இல்ல. இங்க யாரும் யாரையும் ஜெயிக்க வரல. ஒரு சுத்துக்கு எத்தனை நிமிஷம்னு கணக்கு எடுக்கிறவங்களப் பாத்தேன்னா அப்பவே வீட்டுக்கு அனுப்பிடுவேன். முந்தறது நேர் பாதையில மட்டும், இடப்பக்கமா மட்டும். அதுவும் முன்னாடி போறவர் இடது விளக்க மின்னவிட்டு 'வாப்பா'ன்னு சொன்னப்புறம்தான். சொல்லலையா, பின்னாடியே போங்க, ஒண்ணும் குறைஞ்சிட மாட்டீங்க. மஞ்சக் கொடி ஆடினா தடத்துல மனுஷங்க நிக்கிறாங்க. கார் இல்ல, மனுஷங்க. புரியுதா?"

கூட்டத்தின் பின்வரிசையில் நெவில் மாஸப் தலையாட்டிக்கொண்டிருந்தார். வயது அறுபத்தொன்பது. நாற்பது வருடம் வீடு வீடாகப் பால் போட்டவர். பச்சை நிறத்தில், இரண்டே இருக்கை உள்ள சின்னக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடமாக ஹாக்ஸ்பிக்கு வருகிறார். ஒருமுறை மழையில் சறுக்கிய காரை இருவருமாகத் தள்ளியதில் மால்கமுக்கு நண்பரானவர். இந்தத் தடத்தில் அவரைப்போல் மரியாதையாக ஓட்டியவர் யாரும் இல்லை. பின்னால் ஒரு கார் தொலைவில் தெரிந்தாலே விளக்கை மின்னவிட்டு ஒதுங்கிக்கொள்வார், தாண்டிப் போகிறவனுக்குக் கையும் காட்டுவார். "நெவில் வழி மட்டுமா விடுவான், விட்டா டீயும் ஊத்திக் குடுப்பான்" என்பார்கள்.

அந்த நெவில்மேல்தான் இந்தக் கோடையில் மூன்றாவது புகார் வந்தது.

தேநீர் வண்டி அருகே, பன்றிக்கறி ரொட்டியில் சாஸ் ஊற்றிக்கொண்டிருந்த மால்கமிடம் ஃபிலிப்பா வந்தாள். கூடவே மஞ்சள் கார் வைத்திருந்த பல் மருத்துவர், காது சிவக்க.

"நாலு சுத்து! நாலு சுத்தும் அவர் பின்னாடியே போறேன். ஒரு தடவையாவது விளக்குப் போடணுமே? நான் ஒருத்தன் பின்னாடி வர்றதாவே அவருக்கு நினைப்பில்ல. வயசானா மரியாதை கெட்டுப்போகுமா என்ன?"

"அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லீங்க," என்றார் மால்கம்.

"இல்லதான், இதுவரைக்கும் இல்ல," என்றாள் ஃபிலிப்பா. "இப்ப என்ன ஆச்சு? நீங்களே ஒரு தடவை கூட உக்காந்து பாருங்க மால்கம். திமிருன்னா தட்டி வையுங்க. மறுபடி ஒரு புகார் வந்துச்சு, இந்த வருஷத்துக்கு அவருக்கு இங்க இடமில்ல."

நெவிலுக்கு ஹாக்ஸ்பி இல்லாத வருடம் எப்படி இருக்கும் என்று மால்கமுக்குத் தெரியும். மனைவி டோரீன் முதியோர் இல்லத்துக்குப் போனபின் அவருக்கென்று இருந்த ஒரே பொழுது இது. ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

பச்சைக் காரில் நெவில் வலப்பக்கம், மால்கம் இடப்பக்கம். தலைக்கவசத்துக்குள் பொருத்திய மைக்கில் நெவிலின் குரல் கரகரத்தது.

"பேசிக்கிட்டே இரு. சும்மா உக்காந்தா நீ இருக்கியா இல்லியான்னே தெரியல."

"அவ்ளோ ஒல்லியாயிட்டேனா?"

"நீயா? கார் இடப்பக்கம் சாயுது, அத வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

சிரித்துக்கொண்டே தடத்தில் இறங்கினார்கள். நெவில் அழகாக ஓட்டினார். ஹாக்ஸ்பி கடிகாரச் சுற்றாகப் போகும் தடம், ஒன்றைத் தவிர எல்லாமே வலத் திருப்பம். வலத் திருப்பங்களை நெவில், கோடு கிழித்தமாதிரி, விளிம்பை உரசி எடுத்தார். அந்த ஒரே இடப்பக்கத் திருப்பத்தில் மட்டும் திருப்புவதற்குக் கொஞ்சம் தாமதம். ஞாபகத்தில் எண்ணிக்கொண்டு திருப்புவதுபோல.

இரண்டாவது சுற்றில் சிவப்புக் கார் ஒன்று பின்னால் ஒட்டியது.

"பின்னாடி ஒருத்தன்."

"எங்கடா?" நெவில் வலப்பக்கக் கண்ணாடியை மட்டும் பார்த்தார். "யாருமில்லையே."

சிவப்புக் கார் நடுக் கண்ணாடியை நிரப்பிக்கொண்டு நின்றது.

மால்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது பின்பக்கத்து நேர் பாதை முடியும் இடம் வந்தது. அங்கே இடப்பக்கக் கொடி மேடையில் மஞ்சள் கொடி படபடத்துக்கொண்டிருந்தது. அதே பக்கத்துப் புல்லில் வெள்ளைக் கார் ஒன்று சிக்கிக் கிடந்தது. ஓய்வுபெற்ற பள்ளிச் சமையற்காரி மாவிஸ், தடக் காவலர்களின் செம்மஞ்சள் உடையில், அந்தக் காருக்குக் கயிறு மாட்டக் குனிந்திருந்தாள். நெவில் வேகத்தைக் கூட்டினார்.

"காலை எடு! நெவில், காலை எடு! பிரேக்கு!"

மால்கமின் இடது கால் தரையை மிதித்தது. அலுமினியத் தகடு டங்கென்றது, வேறொன்றும் நடக்கவில்லை. மால்கம் சொன்னதை நெவில் செய்தார், ஆனால் சொன்ன பிறகுதான். கார் குலுங்கி வேகம் தணிந்து, மாவிஸின் முதுகுக்கு ஒரு கதவு அகலத்தில் தாண்டியது. நிமிர்ந்த அவள் முகத்தை மால்கம் நன்றாகப் பார்த்தார். பார்த்தவர் அவர் மட்டும்தான்.

"எதுக்குடா கத்தினே?" என்றார் நெவில். "என்ன, கார்ல ஏதாச்சும் சத்தமா?"

அதற்குப் பிறகு மால்கம் அடுத்த திருப்பம், அடுத்த திருப்பம் என்று மட்டும் சொல்லி அவரை உள்ளே கூட்டி வந்தார். எஞ்சினை அணைத்ததும் தன் இடது கையைக் காருக்குள் உயர்த்திப் பிடித்தார்.

"எத்தனை விரல்?"

"எது?"

மால்கம் கையை இறக்கினார்.

நெவில் கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அதன் உள்துணியைத் தடவினார்.

"மார்ச்சுல ஒரு நாள். முட்டை, பீன்ஸ் எல்லாம் சாப்பிட்டுட்டுத் தட்டை எடுக்கையில அது சுத்திக்கிச்சு. பாதி அப்படியே இருக்கு. நடுவுல கத்தியால வெட்டினமாதிரி. வலப்பக்கத்த மட்டும் தின்னிருக்கேன். சிரிப்பு வந்துச்சு எனக்கு."

"டாக்டர்?"

"போனா என்ன சொல்லுவார்னு தெரியாதா? லைசன்ஸ் போயிடும். எங்க ஊருக்கு பஸ் செவ்வாயும் வெள்ளியும். டோரீன் இருக்கிற முதியோர் இல்லம் பதினெட்டு மைல். நான் ஊட்டலேன்னா அவ வாயத் திறக்க மாட்டா, ஒனக்குத் தெரியும்."

"நெவில், மாவிஸ் அங்க நின்னா."

"யாரு?"

"மாவிஸ். தடத்தோரமா."

ஃபிலிப்பா பல் மருத்துவரோடு வந்துகொண்டிருந்தாள். நெவில் முதலில் இறங்கினார், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிற பையனைப்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"தப்பு என்னோடதுதான் ஃபிலிப்பா. கொஞ்சம் திமிராத்தான் ஓட்டிட்டேன். ஐயா, மன்னிச்சுக்குங்க."

பல் மருத்துவர் நல்ல மனிதர்தான். உடனே கையை நீட்டினார். நின்றிருந்தது நெவிலின் இடப்பக்கம். கை நீண்டபடியே இருந்தது. நெவில் எதிரே பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா?" என்று அவர் கையை இழுத்துக்கொண்டார். "மன்னிப்பு வாயில மட்டும்தான்." போய்விட்டார்.

"மாவிஸ் வாக்கிடாக்கியில சொன்னாங்க, கொடிக்குக் கொஞ்சம் லேட்டா குறைச்சீங்களாம்," என்றாள் ஃபிலிப்பா.

"நாங்க ரெண்டு பேரும் அரட்டை," என்றார் நெவில். "என் புத்தி அப்படி."

மரியாதை தெரியாதவன் என்ற பெயரை அவர் சட்டைபோல மாட்டிக்கொண்டு நின்றதை மால்கமால் பார்க்க முடியவில்லை.

"மால்கம்? மத்தியானம் இவர ஓட்ட விடலாமா?"

நெவில் மெல்ல முகத்தை முழுவதும் திருப்பினார், மால்கம் கண்ணில் படும்வரை. அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. காத்திருந்தது, அவ்வளவுதான்.

"அவனுக்கு இடப்பக்கம் தெரியல," என்றார் மால்கம். "சுத்தமா தெரியல."

ஃபிலிப்பா சத்தம் போடவில்லை. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, தடத்தில் ஓட்ட அனுமதியாகக் காலையில் தானே ஒட்டிய காகித வளையத்தை நெவிலின் மணிக்கட்டில் நறுக்கினாள். அதைக் கசக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"டாக்டரைப் பாருங்க நெவில். திங்கக்கிழமையே."

"சரி," என்று நெவில் சாவியை எடுத்தார்.

"சாவியக் குடுடா," என்றார் மால்கம். "நான் ஓட்டிட்டு வர்றேன்."

"இதுல நான் தவிர யாரும் ஓட்டினதில்ல. நீ ஒரு வேலை பண்ணிட்டே, போதும்."

மால்கம் ஃபிலிப்பாவைப் பார்த்தார். அவள் கையை விரித்தாள். "கேட்டுக்கு இந்தப் பக்கம்தான் என் பேச்சு எடுபடும். வெளிய ரோட்டுல நான் யாரு?"

நெவில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். மால்கம் காரின் முன்னால் போய் நின்றார். நெவில் பின்னுக்கு எடுத்து, வலப்பக்கமாக வளைத்து, அவரைச் சுத்தமாகச் சுற்றி வந்தார். காவல்துறையைக் கூப்பிட மால்கம் தொலைபேசியை எடுத்தார். எடுத்ததும் டோரீனின் மூடிய வாய் ஞாபகம் வந்தது. அடுத்து மாவிஸின் முகம். எந்த எண்ணை அழுத்துவது என்று விரலுக்குப் பிடிபடவில்லை. அதற்குள் கார் கேட்டை நெருங்கியிருந்தது. ஓடினார். கேட்டில் நின்று கிளம்பும் நொடியில் இடக் கதவைத் திறந்து உள்ளே விழுந்தார்.

"எறங்கு. எனக்கு ஒன்கிட்ட பேச இஷ்டமில்ல."

"நீ பேசாத. நான் பேசறேன்."

கார் இரண்டு பக்கமும் வேலி அடைத்த குறுகிய சாலையில் இறங்கியது. நெவிலின் ஊருக்கு இன்னும் முப்பத்தாறு மைல்.

"இடப்பக்கம் சைக்கிள்ல ஒரு பொண்ணு. வலது ஒடி. இன்னும் கொஞ்சம். இன்னும்."

நெவில் ஒடித்தார். "தாண்டிட்டோமா?"

"தாண்டிட்டோம்."

சற்றுத் தூரத்துக்கு வேலி மட்டும். பிறகு ஒரு கல் தேவாலயமும் அதன் வாசலில் நிறையத் தொப்பிகளும் தெரிந்தன.

"மெதுவா. இடப்பக்கம் கல்யாணக் கூட்டம். பிள்ளைங்க ரோட்டுக்கு எறங்கி நிக்குதுங்க."

"எத்தனை பேரு?"

மால்கம் எண்ணத் தொடங்கினார். பிள்ளைகள் நின்ற இடத்தில் நிற்கவில்லை.