இடப்பக்கத் தூண்

டெய்லரக்காவுக்கு மூக்கின் மேல் கோபம். பாடகர் குழுவின் அங்கி முதல் பீடத்து விரிப்பு வரை எல்லாம் அவள் தைத்ததுதான் என்பதால், பழைய ஆலயத்தைப் புதுப்பிக்கும் கமிட்டியில் அவளையும் சேர்த்திருந்தார்கள். சேர்த்தவர்கள் இப்போது தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாம் இடப்பக்கத் தூணால் வந்த வினை. கூரை ஒழுகுவதிலோ, சுவர் பொரிந்து உதிர்வதிலோ யாருக்கும் சண்டையில்லை. கூரையை மாற்றும்போதே குறுக்கே ஒரு இரும்பு உத்தரம் கொடுத்து அந்தப் பருத்த தூணை எடுத்துவிடலாம், பின்னால் இருப்பவர்களுக்கும் பீடம் தெரியும் என்றார் இன்ஜினியர். எல்லாரும் தலையாட்டினார்கள். டெய்லரக்கா மட்டும் முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஏன் என்று கேட்டால் ஒருமுறை உறுதி என்றாள், மறுமுறை அழகு என்றாள். அழகு என்றதும் இன்ஜினியர் எழுந்துபோய் அந்தத் தூணை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தார்.

உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தூணுக்குப் பின்னால் உட்காருவது அவளுடைய தம்பி, மோட்டார் மெக்கானிக். அம்மாவை அடக்கம் செய்த வாரமே, அம்மாவின் தையல் மெஷினை யாரிடமும் கேட்காமல் அவள் தன் வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டாள். கண்ணீர் காயும் முன்னே சாமான் கண்ணில் பட்டுவிட்டதா என்று சொந்தக்காரர்கள் மத்தியில் அவன் கேட்டுவிட்டான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. தன் மேலும் தப்பு இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. போய்ச் சொல்லத்தான் கால் எழவில்லை.

அவன் ஆராதனை தொடங்கிய பிறகு வருவான், கடைசி ஜெபத்துக்குள் நழுவிவிடுவான். முன் பெஞ்சில் இருக்கும் அவளுக்கு முகம் தெரியாது. இருமல் மட்டும் கேட்கும். அது கேட்கும்வரை அவளுக்குப் பாட்டில் மனம் ஒட்டாது. தூண் போனால் அவனுக்கு மறைந்துகொள்ள இடமிருக்காது, வேறு ஆலயத்துக்குப் போய்விடுவான். அந்த இருமலும் இல்லையென்றால் கூடப்பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ள என்ன மிச்சம்? அவளுக்குப் பயமாக இருந்தது.

கமிட்டியில் ஒரு முடிவும் ஆகாததால், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்த கையோடு போதகர் சபையிடமே கேட்டுவிட்டார். தூண் வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

டெய்லரக்கா வெடுக்கென்று கையைத் தூக்கினாள். சுற்றிலும் பார்த்தால் வேறு ஒரு கையும் இல்லை. பக்கத்திலிருந்த புருஷன்கூடப் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். அவளுக்கு மானம் போனது. அப்போதுதான் எல்லாரும் பின்னால் திரும்புவதைக் கவனித்து அவளும் திரும்பினாள். தூணுக்குப் பின்னாலிருந்து, நகக்கண்ணெல்லாம் கிரீஸோடு, ஒரு கை உயர்ந்திருந்தது.

உங்களுக்கு எதற்குத் தூண் என்று போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். ஆள் வெளியே வரவில்லை. குரல்தான் வந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அக்கா கேக்கறா. இருந்துட்டுப் போகட்டுமே."

சபையே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. ஆனால் அந்த வாயிலிருந்து அதைக் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவள் தூக்கிய கையை இறக்கி, அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்ஜினியரைப் பார்த்தாள்.

"எடுத்துடுங்க," என்றாள். "எனக்கு அவன் முகம் தெரியணும்."