பின் சீட்டிலிருந்து ஒரு ‘நிறுத்து’

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்கு அவருடைய மாணவர்கள் நாங்கள் வைத்த பெயர் ஹாஃப் கிளட்ச். "ஹாஃப் கிளட்ச், கிளட்ச்ச மெதுவா விடுங்க" என்று ஒரு மணி நேரத்தில் நாற்பது முறை சொல்வார். நாற்பதும் எனக்காகத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்பவள் நான். ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் இருக்கும் சுவர் மட்டும் என் கண்ணுக்குத் தெரியாது. லைசன்ஸ் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தேன்.

அவருக்குக் கோபமே வராது. "பயப்படாதீங்க, என்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு" என்று தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கைக் காட்டுவார். முதல் நாள் அவர் இதைச் சொன்ன அடுத்த நொடி, அதே வாக்கியம், அதே ஏற்ற இறக்கத்தோடு பின் சீட்டிலிருந்து வந்தது. திடுக்கிட்டதில் வண்டி அணைந்துவிட்டது.

பின்னால் இருந்தது அவருடைய மகள். ஏழு வயது. அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அம்மா வீடு திரும்பும்வரை, பள்ளி விட்டதும் அப்பாவின் காரில்தான் இருப்பாள். ஆட்டிசம் உள்ள குழந்தை. பேச்சு நிறைய உண்டு, ஆனால் அத்தனையும் அப்பா நடத்தும் பாடங்கள். வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் "ரிவர்ஸ் எடுங்க". சந்தோஷமென்றால் "லைசன்ஸ் வாங்கிட்டீங்க, வாழ்த்துகள்!" பயமென்றால் அந்த பிரேக் வாக்கியம். யாராக இருந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாள், தெரு நாயாக இருந்தாலும். "கண்ணாடியப் பாருங்க" என்று ஜன்னல் வழியே அவள் சொன்னால், அந்த நாய் என்னைவிடப் பணிவாகத் திரும்பிப் பார்க்கும்.

"சொன்னதையே சொல்லுதே, கிளிப்பிள்ள மாதிரி" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். என் வாய்க்கு எப்போதுமே பிரேக் கிடையாது. அவர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

"இல்லம்மா, அவ அர்த்தத்தோடதான் சொல்றா. எங்களுக்குத்தான் புரிய மாட்டேங்குது. போன வருஷம் மூணு நாளா ‘சத்தம் வருது, கியர மாத்துங்க’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. விளையாடுறான்னு நெனச்சு நான் சிரிச்சேன். நாலாம் நாள் காதுலேருந்து சீழ் வந்துச்சு." ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த காரின் கண்ணாடியை மறுபடி துடைத்தார். "ஒரே ஒரு வாக்கியம் போதும்மா. எங்க வலிக்குதுன்னு அவ வாயால அவளே சொல்லணும். அப்புறம் நான் பக்கத்துல இல்லாட்டியும் புள்ள சமாளிச்சுக்குவா."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்மணியிடம் மகளை அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். அந்த அம்மாள் சொன்னது இதுதான்: அவள் சொல்வதைத் தடுக்காதீர்கள், அதற்குப் பின்னால் இருக்கும் உணர்ச்சிக்குப் பதில் சொல்லுங்கள். கேள்வி கேட்டுக் குடையாதீர்கள், "சொல்லு, சொல்லு" என்று நச்சரிக்காதீர்கள். அவள் இடத்தில் இருந்துகொண்டு, அவள் சொல்ல நினைப்பதை நீங்களே சின்னச் சின்னதாகச் சொல்லிக் காட்டுங்கள். கடைசியாக ஒரு வினோதமான உத்தரவு: "இப்ப அவ பேச்சுல ஒரு தப்புகூட இல்ல, ஏன்னா எல்லாமே உங்க வாக்கியம். என்னைக்குத் தப்பாப் பேசுறாளோ, அன்னைக்கு எனக்கு உடனே போன் பண்ணுங்க."

நாள் முழுக்க அடுத்தவருக்கு உத்தரவு போட்டே பிழைக்கிற மனிதருக்கு இது லேசான வேலையா? ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது திடீரென்று "எனக்குப் பசிக்குது" என்றார். ஐயோ பாவம், மத்தியானம் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று, சிக்னல் தாண்டியதும் ஒரு கடையோரம் நிறுத்தி, ஓடிப்போய் பன் வாங்கி நீட்டினேன். மனிதர் திருதிருவென்று விழிக்கிறார். மகள் பின்னால் தின்பண்டப் பையைத் தடவுவதைக் கண்ணாடியில் பார்த்து, அவளுக்காகச் சொன்ன வாக்கியமாம் அது. பன்னை அவள்தான் சாப்பிட்டாள். அதற்கப்புறம் "எனக்குத் தூக்கம் வருது", "எனக்கு வெயில் சுடுது" என்று அவர் எது சொன்னாலும் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒருமுறை நான் ஓட்டுவதைத் தாங்க முடியாமல் நிஜமாகவே "எனக்குத் தல சுத்துது" என்றார். அதையும் மகள் கணக்கில் சேர்த்துவிட்டு நான் பாட்டுக்கு ஓட்டினேன்.

மாதங்கள் போயின. என் கிளட்ச்சும் அவள் பேச்சும் ஒன்றாகவே தட்டுத் தடுமாறி நகர்ந்தன. ஒரு நாள் கதவைத் திறக்கும்போதே அவருக்கு முகமெல்லாம் பல்.

"நேத்துக் குளிக்கும்போது ‘தண்ணிய மெதுவா விடுங்க’ன்னாம்மா! கிளட்ச்ச எடுத்துட்டுத் தண்ணியப் போட்டிருக்கா! யாரும் சொல்லிக் குடுக்கல!"

அன்று நான் ஒரு சைக்கிளை உரசப் பார்த்ததைக்கூட அவர் கண்டுகொள்ளவில்லை. ஆனாலும் அவர் காத்திருந்த அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. அந்த ஏக்கத்தை அவர் மறுபடி வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் லேசாக முகம் சுளித்தாலே காதைத் தொட்டுப் பார்ப்பார்.

என் மூன்றாவது தேர்வுக்கு முந்தின நாள். ஒரு குறுகலான தெருவில், ஒரு சுவரை ஒட்டி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். "பயப்படாதீங்க, என்கிட்டயும்..." என்று பின்னால் ஆரம்பித்தது.

"எனக்குப் பயமா இருக்கு" என்று அவர் வழக்கம்போல அவளுக்காகச் சொன்னார்.

"இல்ல" என்றது பின் சீட்டு.

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"இல்ல. அப்பா, நிறுத்து. கால்ல கல்லு. குத்துது எனக்கு."

அவர் தன் பிரேக்கை மிதித்த மிதியில் என் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது. இறங்கி ஓடி, பின் கதவைத் திறந்து, தெருவிலேயே மண்டியிட்டு அவள் ஷூவைக் கழற்றி உதறினார். மிளகு அளவுக்கு ஒரு கல் விழுந்தது. "போச்சு" என்றாள் அவள், பாதத்தைத் தேய்த்தபடி. அவர் எழுந்திருக்கவில்லை. ஷூவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பின்னால் ஒரு வேன் வந்து ஹார்ன் அடித்துக் காதைக் கிழித்தது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா அழுவுது. நீ ஓட்டு."

நாய்க்குக்கூட மரியாதை கொடுத்த பெண், பெற்ற தகப்பனை ‘அது’ ஆக்கிவிட்டாள். கடையில் எல்லோரும் மேடம் என்று கூப்பிடுகிற என்னை ‘நீ’ என்றுவிட்டாள். என் வாழ்நாளில் யாரும் எனக்கு இவ்வளவு பெரிய மரியாதை செய்ததில்லை. எனக்கும் கண் நிறைந்து, அந்தச் சுவர் சுத்தமாக மறைந்தே போனது.

அதற்குள் அவர் ஒரு கையில் ஷூவும் மறு கையில் போனுமாக எழுந்து நின்று, ஹார்ன் சத்தத்துக்கு மேலாக அந்தப் பேச்சுப் பயிற்சி அம்மாளிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், தப்பாப் பேசிட்டா! எம் பொண்ணு என்னையத் தப்பாப் பேசிட்டா மேடம்!"

வேன்காரர் ஹார்னை விட்டுவிட்டு, தலையை வெளியே நீட்டி, "விடுங்க சார், சின்னப் புள்ள தானே" என்று அவரைச் சமாதானப்படுத்தினார்.