கண் பரிசோதனைக்கு வந்த விமானி

திண்டுக்கல்லில் என் கண்ணாடிக் கடைக்கு ஒரு விமானி வந்தார். வெளிநாட்டு விமானக் கம்பெனியில் வேலை. விடுமுறைக்குக் குடும்பத்தோடு தாடிக்கொம்பு வந்திருந்தார். நிமிர்ந்த முதுகு, நரைத்த காதோரம். ஒவ்வொரு முறையும் பேசுமுன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

வலது கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னேன். இடது கண்ணுக்குப் பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை.

“இது கண்ணாடியில சரியாகாது சார். உடனே மதுரையில டாக்டரப் பாருங்க.”

“ஒடம்புக்கு முடியலைன்னா அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிரலாம்னுதான் கம்பெனியோட ஒப்பந்தம். விசாவும் போயிரும். பிள்ளைக அங்கதான் படிக்குதுக.”

“அப்ப சொல்லாம இருக்கப் போறீங்களா?”

தொண்டையைச் செருமினார். பிறகு செல்போனை எடுத்து, ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, இனி விமானம் ஓட்ட மாட்டேன் என்று கம்பெனியிடம் சொன்னார். குரல் நடுங்கவில்லை. ஆனால் நாற்காலியைவிட்டு எழத்தான் வெகுநேரம் பிடித்தது.

வீட்டுக்குக்கூடப் போகாமல் ஏன் என் கடையிலிருந்தே பேசினார் என்று இன்னும் யோசிக்கிறேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டால் கம்பெனியிடம் உண்மையைச் சொல்ல வாய் வராது என்று பயந்தாரோ என்னவோ.