தேவானையின் கஞ்சிப் பானை

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு கோடையில் மயிலாப்பூரில் காலரா பரவியது. சமைத்த பண்டம் எதையும் தெருவில் விற்கக் கூடாதென்று தண்டோரா போட்டார்கள். கச்சேரி ரோட்டு ஓரத்தில் பன்னிரண்டு வருஷமாக இட்லி விற்றுவந்த தேவானை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் சுகாதார இன்ஸ்பெக்டர் கருணாகரன் இரண்டு ஆட்களோடு வந்து, ஆவி பறந்த இட்லியைச் சாக்கடையில் கொட்ட வைத்துவிட்டுப் போனார்.

தேவானை அழவில்லை. குண்டானைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவளிடம் சாப்பிட்டவர்கள் ரிக்‌ஷா இழுப்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள். அடுப்பு வைக்க ஒரு மூலைகூட இல்லாதவர்கள். இட்லி நின்றதும், ஈ மொய்த்த வெள்ளரிப் பிஞ்சையும் குட்டைத் தண்ணீரையும் வைத்து வயிற்றைக் கழுவினார்கள். நாலாம் நாள் வாந்தி பேதியென்று ஆஸ்பத்திரிக்குப் போன ரிக்‌ஷாக்கார வேம்பு திரும்பி வரவில்லை.

அன்றைக்கே தேவானை மற்றவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டாள். ரேஷன் அரிசியை அவரவர் கொண்டுவந்து போட வேண்டும். தட்டும் அவரவருடையது, அவள் கண்ணெதிரே வெந்நீரில் முக்க வேண்டும். கஞ்சிப் பானை அடுப்பைவிட்டு இறங்காது. குடிக்கக் காய்ச்சிய தண்ணீர்தான். அவளுக்குக் கூலி ஆளுக்கொரு பிடி அரிசி.

சேதி தெரிந்து கருணாகரன் வந்தபோது வாசலில் முப்பது பேர் தட்டோடு நின்றார்கள். தடையை மீறி விற்கிறாயா என்று கேட்டார்.

"இன்னா சார் வித்தேன்? அவுங்க அரிசி, அவுங்க தட்டு. அடுப்பு என் வூட்டுக்குள்ள கீது."

கூட்டம் சேர்ப்பதும் தப்பு, பானையைக் கவிழ்க்க வேண்டியிருக்கும் என்றார். தேவானை நகர்ந்து வழிவிட்டாள்.

"கவுத்துக்கோ. நாளைக்கு இவுங்க இன்னா துன்னுவாங்கன்னு சொல்லிட்டுக் கவுத்துக்கோ. வேம்பு என் சோத்தத் துன்னு சாவல சார், அது கெடைக்காம செத்தான்."

கருணாகரன் பானைக்குள் எட்டிப் பார்த்தார். கஞ்சி தளதளவென்று கொதித்தது. தண்ணீரை எவ்வளவு நேரம் காய்ச்சுகிறாள் என்று மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்பினார். இரண்டு நாள் கழித்து மேலதிகாரியைக் கூட்டிவந்தார். அந்தப் பெரிய மனிதர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, திருவல்லிக்கேணியிலும் இப்படி நடத்த நாலு பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாயா என்று கேட்டார்.

சொல்லித்தருகிறேன், ஆனால் தன் குண்டானைக் கவிழ்த்தது தப்பென்று இங்கே இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்றாள் தேவானை. பெரியவருக்கு முகம் சிவந்துபோயிற்று. கருணாகரன்தான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தப்புதாம்மா" என்றார்.

மறுநாள் விடிந்ததும் தேவானை திருவல்லிக்கேணிக்கு நடந்தாள்.